பிறவிப் பாடகியா?

ஒருவரைப் ‘பிறவிப் பாடகி’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்கிற வசதி நமக்கு இருக்கிறது. சாரீரம் தெய்வம் கொடுத்தது, பூர்வ புண்ணியம், அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கும்பிட்டுவிட்டு எழுந்துபோன கட்டுரைகள்தாம். மீதி இருப்பவை அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லிக் கண்ணீர் விடுகின்றன. அவர் எப்படிப் பாடினார், அப்படிப் பாடுவதற்கு எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. காவிரியின் கீழ்ப்பக்கத்தில், தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த ஒரு வித்வானைப் பற்றி எழுதும்போது எப்படி ஆரம்பிக்கிறார்கள்? இன்னாரிடத்தில் குருகுலவாசம், இத்தனை வருஷம் சாதகம், அந்தக் குருவின் குரு தியாகையருடைய சிஷ்ய பரம்பரை, இப்படி. அதே காவிரி மேற்கே கொங்கு நாட்டில் ஓடுகிற இடத்தில் பிறந்த பெண் என்றால் மட்டும், பயிற்சி என்ற பேச்சே எழுவதில்லை. தானாக வந்துவிட்டது என்கிறார்கள். இது புகழ்ச்சி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உழைப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கிற புகழ்ச்சி.

எங்கள் ஆனைமலையில் சங்கீத ஞானமுள்ள தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். தேங்காய் வெட்டு நாளாக இருந்தாலும் சரி, கோயமுத்தூரில் நல்ல கச்சேரி என்றால் பொள்ளாச்சி போய் பஸ் மாறிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறவர். அவரிடம் ஒருநாள் சுந்தராம்பாள் பேச்சு வந்தது. “ஏனுங்க, அந்தம்மா பாடறது நாடகப் பாட்டுத்தானுங்களே? சங்கீதத்துல அதைச் சேர்த்தி இல்லீங்க” என்றார். முதல் வாக்கியத்தை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

சுந்தராம்பாள் 1908-இல் கொடுமுடியில் பிறந்தார். சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடிய ஸ்தலம். கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழில் ஒன்று. மகுடேசுவரர் கோயிலும் காவிரியும் ரயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர். பெயருக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துக்களில் முதலாவது ஊர், இரண்டாவது தாயார் பாலாம்பாள். குடும்பத்தில் கொடுமையான வறுமை. குழந்தை ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கியது என்று அவருடைய சரித்திரம் ஆரம்பிக்கிறது. ரயிலில் பாடிய குழந்தையைக் கண்டெடுத்தவர் யார் என்பதற்கு இரண்டு மூன்று பெயர்கள் சொல்வார்கள். அதிகமாக அடிபடுகிற பெயர், ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேச ஐயருடையது. வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் குழந்தை சேர்ந்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் அழுகிற ஆண்பிள்ளைக் குழந்தையாக மேடை ஏறியது.

கண்டெடுத்தவர் யார் என்பதற்கு இத்தனை வழக்கு நடக்கிறது; கற்றுக்கொடுத்தவர் யார் என்று ஒரு வழக்கும் இல்லை. கீழே கிடந்த ரத்தினத்தை எடுத்த மாதிரிப் பேசுகிறோம். ரத்தினத்தைக்கூடப் பட்டை தீட்டத்தான் வேண்டும்.

ரயில் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பள்ளிக்கூடம் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இருக்கிற நேரம்தான் கச்சேரி. சக்கரத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் எழ வேண்டும். கேட்பவன் கேட்பதற்காக வந்தவன் அல்ல. தூங்குகிறான், மூட்டையை எண்ணுகிறான், பக்கத்திலிருப்பவனோடு சண்டை போடுகிறான். அவனைத் திரும்பிப் பார்க்க வைப்பது முதல் சொல். அந்த முதல் சொல் விளங்காவிட்டால் காசு இல்லை, காசு இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை. ராக ஆலாபனையில் நிதானமாக விரித்துக்கொண்டு போகிற சௌகரியம் அங்கே கிடையாது. பிற்காலத்தில் சுந்தராம்பாள் ஒரு பாட்டை எடுக்கும்போது முதல் சொல்லைத் தாக்குகிற தாக்கு இருக்கிறதே, அது எந்தக் குருகுலத்திலும் சொல்லிக்கொடுக்கிற பாடம் அல்ல.

அதற்கப்புறம் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்து நாடகக் கம்பெனியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவ்வை டி.கே. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படிக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பையன்களைச் சேர்த்து நடத்திய சபையில் வளர்ந்தவர் அவர். பாடம் நெட்டுருப் போடுவது, பாட்டு, வசனம், அடி, உதை, ஊர் ஊராகக் கொட்டகை போடுவது எல்லாம் அதில் வரும். சுவாமிகள் 1922-இல் காலமாகும்வரை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர்; அவருடைய பாட்டுக்களைத்தான் தமிழ்நாடு முழுதும் நடிகர்கள் பாடினார்கள். சுந்தராம்பாள் இருந்தது பையன்கள் கம்பெனி அல்ல. ஆனால் எல்லாருக்கும் மேடை ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான்.

நாடக மேடை பாடகனிடம் கேட்டது என்ன? இராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரைக்கும் நாடகம். மைக் கிடையாது. தரையில் மணலில் உட்கார்ந்திருக்கிற கடைசி ஆள்வரைக்கும் குரல் போக வேண்டும். அவனும் டிக்கெட் வாங்கியவன். கேட்கவில்லை என்றால் சும்மா இருக்க மாட்டான். ஆர்மோனியக்காரர் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார். பல சமயம் அவரும் ஒரு பாடகர், நடிகனோடு போட்டி போடுவார். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒன்று வந்தது. நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி இன்னோர் ஊரிலிருந்து, முருகன் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்குவார்கள், இராத்திரி மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டுக்கள் தெரியும். ஆனால் எதிராளி எந்தப் பாட்டால் கேள்வி கேட்பான், எந்த ராகத்தில் கேட்பான் என்று தெரியாது. தர்க்கம் என்பார்கள். முருகன் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வந்து கேட்பான். வள்ளி விட்டுக்கொடுக்காமல் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் தாமதமானால் கொட்டகையில் விசில் பறக்கும். சபையில் நிரவலும் கல்பனா ஸ்வரமும் மனோதர்மம் என்றால், இது என்ன தர்மம்? சொல்லும் ஸ்வரமும் சேர்ந்து, அந்தக் கணத்தில், எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டே பிறக்க வேண்டியது. எங்கள் தோட்டக்காரர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நாடகக் கம்பெனிகள் கப்பலேறி இலங்கைக்கும் போகும். சுந்தராம்பாள் சிறு பெண்ணாகவே கொழும்பு மேடையில் பெயர் எடுத்தார். அங்கேதான் 1926-இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா அவரைவிட இரண்டு வயது மூத்தவர். சிறு பையனாக நாடக மேடை ஏறி, இருபது வயதில் தமிழ் மேடையின் சக்கரவர்த்தி. இருவரும் சேர்ந்து நடித்தார்கள், 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மனஸ்தாபப்பட்டார்கள். 1933 டிசம்பரில், இருபத்தேழாவது வயதில் கிட்டப்பா இறந்துபோனார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். சாகிறவரைக்கும், அதாவது 1980 வரைக்கும், அதைக் காப்பாற்றினார்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு நாவலாசிரியனுக்கு நாக்கில் ஜலம் ஊறுகிற கதைதான். நான் அதை இங்கே தாண்டிப் போகிறேன். இருவரும் சேர்ந்து பாடியதில் இருந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரை, ஐந்து. ஆணும் பெண்ணும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாட வந்தால் இருவரில் ஒருவர் சுருதியைத் தியாகம் செய்ய வேண்டும். ஆண் கத்துவான், அல்லது பெண் முனகுவாள். கிட்டப்பாவோ ஐந்து கட்டைச் சுருதியில் அநாயாசமாகச் சஞ்சரித்தவர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைப் பிடித்தாலும் பிருகாக்கள் மத்தாப்பு மாதிரி உதிரும். ஆகவே முருகனும் வள்ளியும் ஒரே சுருதியில், ஒரே ஸ்தாயியில் மோதிக்கொள்ள முடிந்தது. இப்படிப்பட்ட தர்க்கம் தமிழ் மேடையில் அதற்கு முன்பும் பின்பும் அபூர்வம். தினம் இராத்திரி கிட்டப்பாவுக்கு எதிரில் நின்று, அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாட வேண்டியிருந்த பெண்ணுக்கு வேறு எந்த வித்வானிடம் சாதகம் தேவை? காதலன், புருஷன் என்றெல்லாம் எழுதுகிறார்கள். குரு என்று ஏன் எழுதுவதில்லை? கிட்டப்பாவுக்கும் அவர் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். எதிராளி சரியாக அமையாவிட்டால் தர்க்கம் வளராது.

இங்கே ஒரு வெளிநாட்டுப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல இடம் இருக்கிறது. நம் நாடக மேடையில் தொங்கிய படுதாக்களும், தந்திரக் காட்சிகளும், ‘பார்சி மெட்டு’ என்று நாம் அழைத்த வடநாட்டு மெட்டுக்களும் பம்பாயிலிருந்து வந்து நாடகமாடிய பார்சிக் கம்பெனிகள் விட்டுச் சென்றவை. அந்தப் பார்சிகளின் பூர்வீகம் பாரசீகம். அதே பாரசீகத்தில், சுந்தராம்பாளுக்கு மூன்று வயது முன்னால், 1905-இல் பிறந்தவர் கமர் உல்-முலுக் வசீரி. குழந்தையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி, பெண்கள் கூடுகிற இடத்தில் கர்பலாவின் துக்கத்தைப் பாடுகிறவர். பேத்தி பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடினாள். துக்கம் பாடுவதற்கும் முதல் சொல் கடைசிப் பெண்வரைக்கும் போய்ச் சேர வேண்டுமல்லவா? பிறகு மோர்தெசா நே-தாவூத் என்ற தார் வாத்திய வித்வானிடம் பாடம். பாரசீக சங்கீதத்தில் ‘ரதீஃப்’ என்று ஒன்று உண்டு. வழிவழியாக வந்த சிறு சிறு சஞ்சாரங்களின் பெருந்தொகுப்பு. குருவின் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். அது முழுவதும் ஊறியபிறகுதான் சொந்தமாகப் பாடத் துணியலாம். கமர் 1924-இல் டெஹ்ரான் கிராண்ட் ஹோட்டலில் முகத்திரை இல்லாமல் ஆண்கள் முன்னிலையில் பாடினார். அது அங்கே பெரிய கலகம். அளவற்றுச் சம்பாதித்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு 1959-இல் ஏழையாக இறந்தார்.

அங்கேயும் கதை பாட்டை விழுங்கப் பார்க்கிறது. முகத்திரையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ரதீஃப் ஞாபகம் வருவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். பாட்டியின் பெயரையும் நே-தாவூதின் பெயரையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கமர் இன்னாரிடம் கற்றார் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நம் சுந்தராம்பாளின் பெயருக்கு முன்னால் அந்த இடம் காலியாக இருக்கிறது. அதில் ரயில் பெட்டியையும் நாடகக் கொட்டகையையும் எழுத நமக்குக் கூச்சம்.

கிட்டப்பா இறந்தபிறகு 1934-இல் நந்தனாராக மேடைக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் அதுவே ‘பக்த நந்தனார்’ என்று படமாக வந்தது. ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து ஒரு லட்சம்! வேதியராக நடித்தவர் யார் தெரியுமோ? மகாராஜபுரம் விசுவநாதய்யர். சபையின் சிகரத்தில் இருந்த வித்வான் ஒரு பக்கம், நாடகக்காரி ஒரு பக்கம். நாடகக்காரி ஆண் வேஷத்தில், தீண்டாதவனாக, அவர் முன்னால் கைகட்டி நிற்கிறார். இதைவிட ருசியான சந்தர்ப்பம் நம் சங்கீத சரித்திரத்தில் எனக்குத் தெரியவில்லை. கல்கிக்குப் படம் பிடிக்கவில்லை. அதில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்கிற பொருள்பட எழுதி விளாசிவிட்டார். வேடிக்கையான வாக்கியந்தான், நடிப்பைப் பொறுத்தவரை நியாயமாகவும் இருக்கலாம். நடிப்பை எடைபோடுகிற தராசைக் கொண்டு பாட்டை நிறுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

அப்புறம் வந்த வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை. 1953-இல் வாசன் எடுத்த ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’, கவுந்தியடிகள். 1965-இல் ‘திருவிளையாடல்’, மறுபடி ஔவை. பறையர் குலத்துப் பக்தன், பிக்ஷுணி, கிழவி, சமணத் துறவி, கிழவி. ஜோடி இல்லாத வேஷங்களாகத் தேடிப் பிடித்தார்கள். (வேடிக்கை என்னவென்றால் இவர் நந்தனாராக ஆண் வேஷம் போட்டார், ஔவையாராகப் பெண் வேஷம் போட்டு அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றவர் டி.கே. சண்முகம் என்ற ஆண். நாடக மேடைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.) சங்கல்பம் அவருடையது, அதைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அந்தச் சங்கல்பத்துக்கு நாம் கைதட்டினோமே, அதில்தான் என் மனசு ஒட்டவில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு பெரிய கலைஞரின் கலையில் பாதி நின்றுபோயிற்று. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, கிழவனாக வந்த முருகனைப் பாட்டாலேயே கிண்டல் செய்து விரட்டிய குறும்புக்காரி அதற்கப்புறம் பாடவே இல்லை. மீதி நாற்பத்தேழு வருஷமும் நாம் கேட்டது ஔவையை. ஔவை பெரியவள்தான். வள்ளியைக் காணோமே என்று யாரும் தேடவில்லை. பத்தினி என்று கும்பிட்டோம்.

எங்கள் கொங்கு நாட்டில் வள்ளி கும்மி என்று ஒன்று உண்டு. இப்போது ஊருக்கு ஊர் புது உற்சாகத்தோடு நடக்கிறது. ஒரே நிறச் சேலை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள் சுற்றி வந்து அடிக்கிறார்கள். அதில் வருகிற வள்ளி வாயாடி. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொழும்புக் கொட்டகையில் பதினெட்டு வயதுச் சுந்தராம்பாள் பாடிய வள்ளி எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவருடைய பாட்டைப் பற்றி இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மாசாணியம்மன் கோயிலில் தை மாதம் கொடியேறினால் ரேடியோ செட்டுக்காரர் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். என் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே நல்ல தூரம். தென்னந்தோப்பும் வாய்க்காலும் குறுக்கே இருக்கின்றன. எத்தனையோ பேர் பாடுகிறார்கள். தோப்பைத் தாண்டி வரும்போது மெட்டு மட்டும் வருகிறது. வார்த்தைகள் வழியிலேயே கரைந்துபோகின்றன. சுந்தராம்பாள் பாட்டில் மட்டும் வார்த்தை வந்து சேருகிறது. ழகரம் ழகரமாகவே வருகிறது, றகரம் உடையாமல் வருகிறது. மெய்யெழுத்தை விழுங்காமல், அதன் மேல் ஒரு கணம் கால் ஊன்றி, பிறகு உயிரெழுத்தில் நீட்டுகிறார். கமகம் அந்த நீட்டலில்தான். சொல்லின் நடுவில் புகுந்து சொல்லை உடைப்பதில்லை. இதைப் பிறவி என்பதா? மைக் இல்லாத கொட்டகையில் பத்து வருஷம் கடைசி வரிசைக்குப் பாடினவருக்கு வந்த கைப்பழக்கம் இது. மைக் வந்தபிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. மைக் காலத்துப் பாடகிகள் காதோடு பேசுகிற மாதிரிப் பாடக் கற்றார்கள், அதிலும் அழகுண்டு. இவர் மைக் என்று ஒன்று இருப்பதையே மதிக்காமல் பாடினார்.

அந்த ஒலிபெருக்கியில் அடிக்கடி வருவது திருவிளையாடல் படத்தில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையைச் சமாதானம் செய்கிற பாட்டு. எங்கள் மாசாணி யார் தெரியுமோ? நன்னன் என்ற குறுநில மன்னனின் காவல்மரத்துக் காய் ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப்போன பெண் அதை எடுத்துத் தின்றாள். அதற்காக அவளைக் கொன்றான். குறுந்தொகையிலேயே பரணர் இதைச் சொல்லி நன்னனைச் சபித்திருக்கிறார். அந்தப் பெண்தான் உப்பாற்றங்கரையில் மல்லாந்து படுத்திருக்கிற எங்கள் அம்மன் என்பது ஊர் வழக்கு. நியாயம் கேட்டு வருகிற பெண்கள் இன்றும் அங்கே மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட சாமிக்கு ஒரு பாட்டு, பழம் தின்று உயிரை விட்ட பெண்ணின் கோயிலில் ஒலிக்கிறது. ரேடியோ செட்டுக்காரருக்கு இது தெரியாது. சுந்தராம்பாள் குரலுக்கு மட்டும் தெரிந்திருக்கிற மாதிரி அந்த விடியற்காலையில் எனக்குப் படும்.

அந்தப் பாட்டு வரும்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. கே.வி. மகாதேவன் இசை. தாளம் தொடங்குவதற்கு முன்னால் விருத்தமாக எடுக்கிற பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். விருத்தந்தான் நாடகப் பாடகர்களின் தலையாய வித்தை. படுதா தூக்கியதும் இரைந்துகொண்டிருக்கிற கூட்டத்தை அடக்குவதற்குத் தாளம் உதவாது. சொல்லை உச்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவர் மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது குரல் மெலிவதில்லை. நன்றாகக் காய்ந்த பனங்கருக்கு மாதிரி கெட்டியாக, ஓரங்கள் கூர்மையாக இருக்கிறது. கீழே இறங்கும்போது கொஞ்சம் மணல் கலந்திருக்கிறது. அது வயது. அதை மறைக்க அவர் ஒரு தந்திரமும் செய்வதில்லை. கிழவி பாடுகிறாள் என்றால் கிழவிதான் பாடுகிறாள்.

குறை இல்லையா? உண்டு. பிற்காலப் படங்களில் அவரை ஒரு முத்திரை மாதிரி உபயோகித்தார்கள். பக்திக்காட்சியா, கூப்பிடு அந்த அம்மாளை, வைத்துக் குத்து முத்திரையை! எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயி, ஒவ்வொரு அடியும் உச்சக்கட்டம். நாலு பாட்டைத் தொடர்ந்து கேட்டால் காது இளைப்பாற இடம் தேடுகிறது. ராகத்தை அடக்கமாகக் கட்டி எழுப்புகிற பொறுமை அவரிடம் குறைவு. அந்த விஷயத்தில் எங்கள் தோட்டக்காரர் கட்சி சரி. பட்டம்மாள் ஒரு பல்லவியைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிற நிதானத்தை இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் குறை சாரீரத்தில் இல்லை, சங்கீத ஞானத்திலும் இல்லை. எதிராளி இல்லாமல் போனதுதான் குறை. தர்க்கத்துக்காகத் தயாரான குரல் தனியாக நின்று தெய்வத்தோடு மட்டும் பேச வேண்டியதாயிற்று. தெய்வம் திருப்பிப் பாடுவதில்லை.

சொல்லின்மேல் அவருக்கு இருந்த பற்றைக் காட்டுகிற ஒரு கதை சினிமா உலகில் வழங்குகிறது. பூம்புகார் படத்துக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அதில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற பாவனையில் இருந்த ஓர் அடியை, பாட மாட்டேன் என்று சொல்லி மாற்ற வைத்தார் என்பார்கள். பக்தி என்று இதற்குப் பெயர் கொடுக்கிறார்கள். இருக்கலாம். நாடகக்காரியின் பிடிவாதம் என்றும் எனக்குப் படுகிறது. மேடையில் பாடுகிற சொல்லுக்குப் பாடுகிறவளே ஜவாப்தாரி. சாகித்யகர்த்தா திரைக்குப் பின்னால் இருப்பான், விசில் அடிபடுகிறது பாடுகிறவள் மேல்தான்.

காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தி தூண்டிப் பாடியதும், 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானதும், 1969-இல் ‘துணைவன்’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதும், மறு வருஷம் பத்மஸ்ரீயும் அவருடைய சரித்திரத்தில் முக்கியமானவை. அவற்றைப் பட்டியல் போட்டவர்கள் இருக்கிறார்கள். மேலவையில் இடம் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். சங்கீத விமர்சனத்தில் ஒரு பக்கம் ஒதுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது அவருடைய பாட்டுக்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகள் ஒரு விரலால் தடவி வரவழைத்துவிடுகிறார்கள். கேட்கிறவர்கள் சினிமாப் பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று சிபாரிசு செய்வேன். பழைய இசைத்தட்டுக்களிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. தட்டின் இரைச்சல் மழை மாதிரிப் பெய்துகொண்டிருக்கும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் விருத்தம், பல்லவி, பிருகா, முத்தாய்ப்பு எல்லாவற்றையும் அடக்கிவிடுவார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே பாடிப் பழகியவருக்கு மூன்று நிமிஷம் தாராளம். முதல் தடவை கேட்கும்போது இரைச்சல்தான் கேட்கும். இரண்டாவது தடவை கேளுங்கள். தோட்டக்காரருக்கும் அப்படி ஒன்றை அனுப்பி வைத்திருக்கிறேன். “கேக்கறனுங்க” என்றிருக்கிறார்.